ஜெபக்குழுவை நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது, எங்கே தொடங்குவது?

புதிய பொறுப்பு எழுதியது:

ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள்.

எங்கள் சபையில் ஜெப ஊழியத்தை நெடுங்காலமாகக் கவனித்துவந்த மூப்பர் உடல் தளர்ந்து ஒதுங்கிக்கொண்டார். போதகர் என்னைத் தனியே அழைத்து, "இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் பாடகர் குழுவில் நின்று பாடியவன். ஞாயிறு பள்ளியில் கொஞ்ச காலம் வகுப்பு எடுத்தவன். ஜெபக்கூட்டம் நடத்திப் பழக்கம் இல்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். புதன்கிழமை மாலை ஒரு மணி நேரக் கூட்டம். ஞாயிறு ஆராதனைக்கு இடம் போதாமல் ஓரமாக நிற்கிறவர்கள் உண்டு. புதன்கிழமை இரண்டு பெஞ்சு நிறைந்தால் பெரிது. மூன்று பாட்டு, ஒரு சின்னச் செய்தி, பிறகு "ஜெபக் குறிப்புகள் உண்டா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியோடு கூட்டம் கைவிட்டுப் போய்விடுகிறது. ஒருவர் தன் மைத்துனரின் மூட்டுவலியைச் சொல்லத் தொடங்குவார். இன்னொருவர் அதே வலி தனக்கு வந்து போன கதையைச் சொல்வார். மூன்றாமவர் எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள் என்று விசாரிப்பார். கடைசியில் ஜெபிக்கப் பத்து நிமிடம் மிஞ்சும். அதையும் வழக்கமாக ஜெபிக்கும் இருவர் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். வாலிபர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதற்கு மேல் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பிரச்சினை ஜெபக் குறிப்பாகச் சொல்லப்பட்டு, மறுநாளே சபை முழுவதும் பேச்சாகிவிட்டது. அந்தக் குடும்பம் இப்போது ஆராதனைக்கே வருவதில்லை.

ஜனங்களை ஜெபிக்க உற்சாகப்படுத்துவது எப்படி? நான் முதலில் எதை மாற்ற வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

எழுப்புதல் வாஞ்சை எழுதியது:

சகோதரரே, ஜனங்களுக்கு ஜெபிக்க வேண்டும் என்ற பாரம் இல்லை. அதுதான் மூலகாரணம். பாரம் வந்துவிட்டால் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, தானாக ஓடி வருவார்கள். 21 நாள் உபவாச ஜெபம் அறிவியுங்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் வையுங்கள். நீங்கள் முதலில் முழங்காலில் நில்லுங்கள், அக்கினி பற்றிக்கொள்ளும். கர்த்தர் உங்களைப் பலமாய்ப் பயன்படுத்துவாராக.

---

பழைய நோட்டு எழுதியது:

தம்பி, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் சபையின் ஜெபக்குழு என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் என் பொறுப்புக்கு வந்தது. இன்னும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே சகோதரர் முழு இரவு ஜெபம் வைக்கச் சொல்கிறார். முழு இரவு ஜெபத்துக்கு நான் விரோதி அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் கொடுத்தால் பத்து நிமிடம் ஜெபிக்கிற கூட்டத்துக்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்தால், அவர்கள் விடியும்வரை பாடி, பிரசங்கம் கேட்டு, கடைசியில் அதே பத்து நிமிடம்தான் ஜெபிப்பார்கள். பாரம் இல்லை என்று ஜனங்கள்மேல் பழியைப் போடுவதும் எனக்கு உடன்பாடு இல்லை. புதன்கிழமை வேலை முடிந்து, களைத்துப்போய், வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலயத்துக்கு வருகிறவருக்குப் பாரம் இல்லையா? பாரத்தோடுதான் வருகிறார். இறக்கிவைக்க நாம் இடம் கொடுப்பதில்லை.

ஜெபக்குழுவை நடத்துகிறவர் எல்லோரையும்விட உருக்கமாக ஜெபிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று சபையில் ஓர் எண்ணம் இருக்கிறது. அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ரசிப்பார்கள். உங்கள் வேலை வேறு. மற்றவர்கள் வாய் திறக்க எது எது தடையாக இருக்கிறதோ, அதை ஒவ்வொன்றாக எடுத்துப்போட வேண்டும். நீங்கள் அழகாக ஜெபிக்கத் தெரியாதவர் என்றால் அது உங்களுக்கு அனுகூலமே.

முதல் தடை, அந்த "ஜெபக் குறிப்புகள் உண்டா?" என்ற கேள்வி. அதை இந்தப் புதன்கிழமையோடு நிறுத்திவிடுங்கள். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கையளவு துண்டுத்தாள்கள், பேனா. வருகிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தை மூன்று வரிக்குள் எழுதி ஒரு பெட்டியில் போடட்டும். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். கூட்டத்தில் ஒரு தாளை எடுங்கள், வாசியுங்கள், உடனே யாராவது ஒருவர் அதற்காக ஜெபிக்கட்டும். பிறகுதான் அடுத்த தாள். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு மொத்தமாக ஜெபிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்தாவது தாளுக்குப் போவதற்குள் முதல் தாள் மறந்துபோகும்.

ஒருமுறை எங்கள் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. பென்சிலால், சாய்ந்த எழுத்தில், "பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலை பதினொரு மணி" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். "என்ன விஷயம் என்று தெரியாமல் எப்படி அக்கா ஜெபிப்பது?" என்று ஒரு சகோதரி கேட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை நினைவுபடுத்தி, நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குழுவில் இருந்தவர்கள் அலுவலகத்திலும் வீட்டிலும் பஸ்ஸிலும் இருந்தபடியே ஜெபித்தார்கள். அது மருத்துவமனையா, நீதிமன்றமா, நேர்முகத் தேர்வா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் பெட்டியில் உண்மையான விண்ணப்பங்கள் விழத் தொடங்கின. அதுவரை மூட்டுவலிதான்.

உங்கள் சபையில் வெளியே பரவிய விஷயத்துக்கும் இதுவே பாதி மருந்து. மீதிப் பாதி, குழுவில் இருப்பவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது: இங்கே கேட்டது இங்கேயே நிற்க வேண்டும், கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொல்லக்கூடாது. அடுத்தவர் காரியத்தை "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று தொடங்குகிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்த முன்னுரையோடு வருவதில் பெரும்பகுதி வம்புதான். அவரவர் விண்ணப்பத்தை அவரவரே தரட்டும். பிறருக்காக என்றால் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தரட்டும். சின்னப் பிள்ளைகள், நினைவில்லாமல் படுத்திருப்பவர்கள் போன்றோர் மட்டும் விதிவிலக்கு.

அந்தக் குடும்பத்தை நீங்களும் போதகரும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். "உங்கள் விஷயத்தை நாங்கள் காத்திருக்க வேண்டும், காக்கவில்லை" என்று சொல்லுங்கள். யார் சொன்னது, எப்படிப் பரவியது என்ற விசாரணை அங்கே வேண்டாம். திரும்பி வாருங்கள் என்று அழைக்கவும் வேண்டாம். அது அவர்கள் முடிவு.

அடுத்தது, நீளம். 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று நியூயார்க் நகரின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்பியர் என்ற சபை ஊழியர் ஒரு மதிய ஜெபக்கூட்டம் அறிவித்தார். அவர் பிரசங்கியார் அல்ல, வியாபாரியாக இருந்தவர். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிவதற்குள் மொத்தம் ஆறு பேர் ஆனார்கள். அடுத்த வாரம் இருபது பேர், அதற்கடுத்த வாரம் நாற்பது. அக்டோபரில் அது தினசரிக் கூட்டமாகிவிட்டது. அதே மாதத்தில் வங்கிகள் நொடித்துப்போனதும் ஜனங்கள் திரண்டதற்கு ஒரு காரணம். மறுவருடம் வசந்த காலத்துக்குள் நகரின் பல இடங்களில் மதிய ஜெபம் நடந்தது.

எழுப்புதல் பிரசங்கங்களில் இந்தக் கதையை ஆறு பேர், நாற்பது பேர் என்ற எண்ணிக்கைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அவர்கள் சுவரில் எழுதிவைத்த விதிமுறை. ஜெபமோ சாட்சியோ ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து இரண்டு ஜெபத்துக்கு மேல் கூடாது. நடுவே பாட்டோ வேறு ஏதாவதோ வர வேண்டும். சபைகளுக்குள் சர்ச்சையான உபதேசங்களைப் பேசக்கூடாது. சரியாகப் பன்னிரண்டுக்குத் தொடக்கம், சரியாக ஒரு மணிக்கு முடிவு. நடுவில் வரலாம், நடுவில் போகலாம். யாராவது நீட்டினால் நடத்துகிறவர் கையில் இருக்கும் சின்ன மணியை அடிப்பார். பெரிய எழுப்புதல் என்று சரித்திரம் சொல்லும் கூட்டத்தில் மணி அடித்திருக்கிறார்கள், தம்பி! நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே ஆவியானவரைத் துக்கப்படுத்திவிட்டதாக முறைக்கிறார்கள்.

நீண்ட ஜெபம் பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் தனியே இராமுழுவதும் ஜெபித்தார். ஆனால் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். தனி ஜெபத்துக்கு அளவு இல்லை. சபையாகக் கூடி ஜெபிக்கும்போது அடுத்தவருக்கும் நேரம் வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்வது. "ஆண்டவரே, தாமதமாக வருகிறவர்களின் இருதயத்தோடு நீர் பேசும்" என்று ஒருவர் ஜெபித்தால், அந்த விண்ணப்பம் பரலோகத்துக்குப் போகவில்லை, மூன்றாவது பெஞ்சுக்குப் போகிறது. இதைத் தனியே அழைத்துச் சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

இனி, எதற்காக ஜெபிக்கிறோம் என்பது. நம் பட்டியலில் நோய், வேலை, கடன், வீடு. இவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேதுருவையும் யோவானையும் ஆலோசனைச் சங்கத்தார் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். சபை கூடி ஜெபிக்கிறது. முதலில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை நோக்கிக் கூப்பிடுகிறார்கள். அடுத்து இரண்டாம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். கடைசியில்தான் விண்ணப்பம். அதிலும் "எங்களைக் காப்பாற்றும்" என்று கேட்கவில்லை. வசனத்தைத் தைரியமாகச் சொல்லும் பெலனைக் கேட்கிறார்கள், சுகமும் அற்புதங்களும் நடக்கும்படி கேட்கிறார்கள். பவுல் எபேசு சபைக்காக ஜெபித்த ஜெபத்தையும் பாருங்கள்: மனக்கண்கள் பிரகாசமடைய வேண்டும் என்கிறார். நம் கூட்டத்தில் யாராவது யாருக்காவது மனக்கண் திறக்கும்படி விண்ணப்பத் தாள் எழுதியதுண்டா?

அதனால் நான் செய்வது இது. முதல் கால்மணி நேரம் விண்ணப்பப் பெட்டியைத் தொடுவதில்லை. ஒரு சங்கீதத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கிறோம். வாசித்தவரே அந்த வசனத்தை ஒரு வரி ஜெபமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று வாசித்தவர், "ஆண்டவரே, இந்த வாரம் என்னை மேய்த்தருளும்" என்று சொன்னால் போதும். வார்த்தை கிடைக்காது என்று பயப்படுகிறவருக்கு வேதமே வார்த்தையைக் கையில் கொடுத்துவிடுகிறது. புலம்பல் சங்கீதங்களையும் விடாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசித்த நாளில், அதுவரை ஸ்தோத்திரம் தவிர வேறு எதுவும் சொல்லாதவர்கள் மனம்விட்டு ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாலிபன் எங்கள் கூட்டத்தில் முதல்முறை ஜெபித்தது இப்படி: "ஆண்டவரே, என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆமென்." சிலர் சிரிப்பை அடக்கினார்கள். நான் அடுத்த தாளை எடுத்து வாசித்தேன். கூட்டம் முடிந்த பிறகும் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் பேசவில்லை. "நன்றாக ஜெபித்தாய்" என்று தட்டிக்கொடுத்திருந்தால், அடுத்த வாரம் அவன் எனக்கு முன்னால் நன்றாக ஜெபிக்க முயன்றிருப்பான். உற்சாகப்படுத்துவது என்றால் பாராட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஜெபத்துக்கு மதிப்பெண் போடாதிருப்பதே அங்கே பெரிய உற்சாகம். ஆசிரியையாக இருந்து இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, என் பெயரில் இருக்கும் நோட்டு. இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும், வலது பக்கம் பதிலும் தேதியும். பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் இப்படித் தேதி போட்டு எழுதிவைத்தவர். 1844-ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் மனந்திரும்ப ஒன்றரை வருடம் ஆனது. இரண்டாமவருக்கு மேலும் ஐந்து வருடம், மூன்றாமவருக்கு அதற்கும் மேல் ஆறு வருடம். முப்பத்தாறு வருடம் கழித்து அவர் இதைச் சொன்னபோது மற்ற இருவரும் இன்னும் மனந்திரும்பியிருக்கவில்லை. அவர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தார். எனவே வலது பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று தாளைக் கிழிக்காதீர்கள். பதில் வந்ததை மட்டும் வாசித்துக் கைதட்டும் குழுவில், பதில் வராதவர் தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நின்றுவிடுவார்.

---

கடைசி வரிசை எழுதியது:

நான் சத்தமாக ஜெபிக்காதவன். வீட்டில் ஜெபிப்பேன், நன்றாகவே ஜெபிப்பேன். நாலு பேர் முன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனவே மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

"இந்த ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக ஜெபிப்போம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த நொடியிலிருந்து என் காதில் எதுவும் விழாது. எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு பேர் இருக்கும்போது என் வாக்கியத்தை ஒத்திகை பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் அதையே சொல்லிவிட்டால் அவ்வளவுதான். இப்படி ஒரு கூட்டத்துக்குப் பயந்து வாரக்கணக்கில் போகாமல் இருந்திருக்கிறேன். எல்லோரும் எனக்கு ஆவிக்குரிய வறட்சி என்று முடிவுகட்டினார்கள்.

எங்கள் சபையில் பிறகு வந்த சகோதரி ஒருவர் இரண்டு காரியம் செய்தார். இருவர் இருவராகப் பிரித்து உட்கார வைத்தார். ஒருவருக்கு முன்னால் எனக்குப் பேச வருகிறது. அப்புறம், மௌனமாக ஜெபிக்கிறவர்கள் முடித்துவிட்டால் "ஆமென்" என்று மட்டும் சத்தமாகச் சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். எனக்காக என்று சொல்லியிருந்தால் கூசிப்போயிருப்பேன். வேதத்தில் அன்னாள் என்ற பெண் ஜெபித்தபோது உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். கர்த்தருக்குக் கேட்டது.

பழைய நோட்டு அம்மா சொன்ன சங்கீத முறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். தாளைப் பார்த்து வாசிப்பது என்றால் என் குரல் நடுங்குவதில்லை.

---

புதிய பொறுப்பு எழுதியது:

எழுப்புதல் வாஞ்சை சகோதரருக்கும், அம்மாவுக்கும், கடைசி வரிசை சகோதரருக்கும் மிக்க நன்றி. துண்டுத்தாள் பெட்டியைப் பற்றிப் போதகரிடம் நேற்றே பேசிவிட்டேன், சரி என்றார்.

இன்னும் சில சந்தேகங்கள், அம்மா. நீளமாக ஜெபிக்கும் இருவரில் ஒருவர் சபையில் மூத்தவர், என் தகப்பனார் வயது. மணி அடிக்க எனக்குக் கை வராது. இரண்டாவது, ஆராதனை முடிந்ததும் கைவைத்து ஜெபிக்கச் சொல்லிச் சிலர் முன்னால் வருகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி வந்த ஒரு நோயாளியிடம், "சுகம் கிடைத்துவிட்டது, இனி மருந்து வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. மூன்றாவது, போதகர் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருவதில்லை.

---

பழைய நோட்டு எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அது காத்திருக்கக் கூடாத விஷயம். இன்றே அந்த நோயாளியைப் பாருங்கள். மருந்தை விட்டிருந்தால் மறுபடி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். சொன்னவரிடமும் போதகரோடு சேர்ந்து பேசுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்ல ஜெபக்குழுவில் யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதை விதியாக எழுதியே வைத்துவிடுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை. பவுலோடு இருந்த லூக்கா மருத்துவர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று எழுதியவரும் அவரே. பவுலின் விசுவாசத்தில் குறை கண்டுபிடிக்க உங்கள் குழுவில் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆராதனைக்குப் பின் ஜெபிக்கிறவர்கள் இருவர் இருவராக நிற்கட்டும். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். எல்லோரும் பார்க்கும் இடமாக இருக்கட்டும், ஆனால் பேசுவது பிறர் காதில் விழாத தூரம் இருக்கட்டும். கதவு மூடிய அறை வேண்டவே வேண்டாம். தொடுவதற்கு முன் "கைவைத்து ஜெபிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், நீ இன்னாரைத்தான் மணக்க வேண்டும்" என்ற தோரணையில் யாரும் பேசக்கூடாது. ஒருவர் வீட்டில் அடிபடுவதாகவோ, சாக நினைப்பதாகவோ சொன்னால், அதை ஜெபத்தோடு முடித்துவிட்டு அனுப்பக்கூடாது. போதகருக்கும் தகுந்த உதவிக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் இரகசியம் காப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாக வேண்டும்.

பெரியவர் விஷயம். மணி அடிக்காதீர்கள், அது எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கூட்டத்தில்தான் நடக்கும். அவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்கு ஜெபிக்கத் தெரியும், நேரமும் இருக்கிறது. அவரிடம் அந்த வாரத்தின் விண்ணப்பங்களில், பெயர் சொல்ல அனுமதி தந்தவர்களுடையதைக் கொடுத்து, "ஐயா, இவற்றை நீங்கள் தினமும் விடியற்காலையில் தாங்கவேண்டும், கூட்டத்தில் புதியவர்கள் பழகட்டும், நீங்கள் கடைசியில் முடிவு ஜெபம் செய்யுங்கள்" என்று கேளுங்கள். முடிவு ஜெபத்துக்கு ஒரு வசதி உண்டு: எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீளம் தானாகக் குறைந்துவிடும்.

இது அவரைத் தள்ளிவைக்கும் தந்திரம் என்று எண்ணாதீர்கள். ஜெப ஊழியம் புதன்கிழமைக் கூட்டத்தோடு முடிவதில்லை. 1727-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சபை விசுவாசிகள் இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களுமாக, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு இரவும் பகலும் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். அது நூறு வருடத்துக்கு மேல் அறுபடாமல் நடந்தது. ஐந்தே வருடத்தில் அந்தச் சிறு கிராமத்திலிருந்து கரீபியன் தீவுகளுக்கு மிஷனெரிகள் புறப்பட்டார்கள். அவரவர் இடத்தில், அவரவர் நேரத்தில் செய்த ஊழியம் அது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், இரவு வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள், இவர்கள் புதனன்று வரமாட்டார்கள். ஆனால் பதினைந்து நிமிடத்தை ஏற்றுக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

போதகர் வராதது பற்றி. அவரை வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள், மற்றவர்களிடம் குறைசொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று உங்களுக்காக ஜெபிக்கப்போகிறோம். எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" பல போதகர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் போதகர் முதல் இரண்டு தரம் "எல்லாவற்றுக்காகவும்" என்று மழுப்பினார். பிறகு ஒருநாள் ஒரு நிஜமான பதில் வந்தது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், விதி எனக்கும் பொருந்தும்.

உங்களுக்குத் துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசேயின் கைகளைத் தாங்கிய ஆரோனையும் ஊர் என்பவரையும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் அவர் உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்ததைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் விடுப்பு எடுக்கும் புதன்கிழமைகளையும் அவர்களோடு உட்கார்ந்து இப்போதே முடிவு செய்யுங்கள்.

---

சங்கிலி ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

எங்கள் சபையில் சங்கிலி ஜெபத்தை வாட்ஸ்அப் குழு மூலம் நடத்துகிறோம். நடைமுறைத் தகவல் இரண்டு. குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விண்ணப்பம் காணாமல்போகும். நோய் அறிக்கை, மருத்துவமனைப் படம், வீட்டு முகவரி எதையும் பகிராதீர்கள். ஒரு நிமிடத்தில் வேறு பத்துக் குழுக்களுக்குப் போய்விடும், திரும்பப் பிடிக்க முடியாது. நாங்கள் விண்ணப்பத்துக்கு எண் கொடுக்கிறோம். விவரம் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தொலைபேசியில் சொல்கிறோம்.

இன்னொன்று, வாலிபர்கள். கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் வருவதில்லை. நேர அட்டவணையைத் தயாரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தோம். யார் எந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும் என்பதால், காலியான நேரங்களில் அவர்களே ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

---

புதிய பொறுப்பு எழுதியது:

அந்த நோயாளியை நேற்று மாலை பார்த்தேன். நல்லவேளை, மருந்தை அவர் மனைவி நிறுத்தவிடவில்லை. சொன்ன சகோதரரிடம் போதகர் சனிக்கிழமை பேசுகிறார், நானும் உடனிருப்பேன்.

பெரியவர் வீட்டுக்கும் போனேன். முடிவு ஜெபத்தைச் சொன்னதும் கொஞ்சம் முகம் வாடியது. விண்ணப்பத் தாள்களைக் கொடுத்தபோது கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்து, "இது யார் பையன்? எந்த மருத்துவமனை?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். விவரம் கேட்கக்கூடாது என்ற விதியை அவருக்கு எப்படிச் சொல்வது, அம்மா?

---

பழைய நோட்டு எழுதியது:

கேட்கட்டும், தம்பி. அவர் கேட்பது தப்பில்லை, நீங்கள் பதில் சொல்வதுதான் தப்பு. "தெரியாது ஐயா" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அது பொய்யாக இருக்கக்கூடாது என்றால் நீங்களும் விசாரிக்காமல் இருக்க வேண்டும்.